மாதச் சம்பளமும் வாளித் தண்ணீரும்

மாதம் முடிந்ததும் தவறாமற் கைக்கு வரும் சம்பளத்துக்கு ஒரு தனி மயக்கம் உண்டு. அது பெரிதாயினுமாகுக, சிறிதாயினுமாகுக, வரும் என்பது நிச்சயம். அந்த நிச்சயத்தை நம்பியே வீடு கட்டுகின்றோம், பெண் கொடுக்கின்றோம், பிள்ளைகளைப் படிப்பிக்கின்றோம். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்கவேண்டும்" என்று யாழ்ப்பாணத்தார் சொல்லிவைத்தனர். அந்தப் பழமொழியிலே கோழிக்கும் பெருமையில்லை, மேய்ப்பவனுக்கும் பெருமையில்லை. பெருமை முழுவதும் அரசாங்க முத்திரைக்கே உரியது.

இப்பழமொழியைக் கேட்டு வளர்ந்த நாம், 2015 ஆம் ஆண்டிலே, எமது நாற்பத்தாறாவது வயதில், இலண்டன் மாநகரின் வடமேற்கேயுள்ள ஹரோ என்னும் பகுதியிலே, பதினேழு ஆண்டுகள் அமர்ந்திருந்த கணக்குக் கந்தோர்க் கதிரையை விட்டெழுந்து, பிறர் வீட்டு யன்னற் கண்ணாடிகளைக் கழுவும் தொழிலைச் சொந்தமாக மேற்கொண்டோம். 'நாம்' என்று இங்கே எழுதுவது பத்திரிகை மரபு கருதி மாத்திரமன்று. ஏணியைப் பிடித்தவர் ஒருவராயினும், துணிவைத் தந்தவரும் கணக்கை எழுதியவரும் எம் மனைவியாரே. ஆதலால் இச்சொல்லிலே அவரும் அடங்குவர்.

எம்மைக் கண்டவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: "நிலையான உத்தியோகத்தை விட்டு இதற்கு ஏன் போனீர்கள்?" பத்து ஆண்டுகளாக இக்கேள்விக்குத் துண்டு துண்டாக விடை கூறி வந்தோம். இன்று அவற்றை ஒன்றாகக் கோத்து வாசகர் முன் வைக்கின்றோம்.

நிலையான உத்தியோகம் என்பது யாது?

எம் பாட்டனார் மலாய் நாட்டு றெயில்வேயிலே இலிகிதராயிருந்து இளைப்பாறியவர். உரும்பிராயில் உள்ள எம் வீட்டின் கல்வீட்டுப் பகுதி அவருடைய பென்சனால் எழுந்தது. எம் தந்தையார் கொழும்பிலே அரசாங்க இலிகிதர். மூன்றாந் தலைமுறையாகிய நாமும் கணக்கெழுதவே பிறந்தோம் என்பது ஊரார் தீர்ப்பு.

ஆயினும், அசையாதது என்று எம்மவர் நம்பிய அந்த உத்தியோகம் அசைந்த கதையும் எம் வீட்டுக் கதையே. 1956 ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டம் வந்தபின், தமிழ் இலிகிதர்கள் சிங்களப் பரீட்சையிற் சித்தியடைய வேண்டியவராயினர். எம் தந்தையார் இரவிலே விளக்கு வைத்துப் படித்துப் பரீட்சை எழுதித் தம் கதிரையைக் காத்துக்கொண்டார். அவருடைய நண்பர் சிலர் எழுத மறுத்து வீடு திரும்பினர். கோடீஸ்வரன் என்னும் இலிகிதர், அப்பரீட்சையை எழுதாமையால் 1962 இல் தமது சம்பள உயர்வு நிறுத்தப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றமோ, அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடர இயலாது என்றது. 1969 இல் இலண்டன் கோமறைக் கழகம் அக்கருத்தைத் தள்ளியது. சம்பளம் என்பது உரிமையா, தயவா என்னும் கேள்வி ஏழு ஆண்டுகள் நீதிமன்றப் படிகளிலே ஏறி இறங்கியது. அந்த ஏழு ஆண்டுகளும் அரசாங்க உத்தியோகம் 'நிலையான உத்தியோகம்' என்றே எம் ஊரில் வழங்கியது.

நாம் வேலைபார்த்த கந்தோரிலே எமக்கு அநீதி எதுவும் இழைக்கப்படவில்லை. சம்பளம் ஒரு மாதமும் தவறியதில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை 'மறுசீரமைப்பு' என்றொரு சொல் மாத்திரம் வரும். அச்சொல் வந்த வாரம் எவரும் எவரோடும் அதிகம் பேசார். பின்பு நாலைந்து கதிரைகள் வெறுமையாகும். மீதிப் பேர் பெருமூச்சு விட்டு, அடுத்த சொல் வரும்வரை வேலை பார்ப்பர். எம் கதிரை ஒருபோதும் வெறுமையாகவில்லை. ஆனால் அதனைக் காப்பதற்கு எம் கையில் ஒன்றும் இருக்கவில்லை என்பதை நாம் அறிந்திருந்தோம். நன்றாக வேலை செய்தோரும் போயினர்; சுமாராகச் செய்தோரும் இருந்தனர். ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் முழு உழைப்பையும் விற்றுவிட்ட வியாபாரியின் நிலை அது.

இன்னுமொன்று. பதினேழு ஆண்டுகளில் நாம் எழுதிய கணக்குகளுள் ஒன்றையேனும் எம் பிள்ளைகளுக்குக் காட்டி, "இது அப்பா செய்த வேலை" என்று சொல்ல இயன்றதில்லை. இது சிறு குறை என்றே நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம்.

விலைக்கு வந்த சுற்று

எம் தெருவிலே நாற்பது ஆண்டுகளாக யன்னல் கழுவி வந்த ஆங்கிலேய முதியவர் ஒருவர் இருந்தார். முழங்கால் தேய்ந்து, தொழிலை விடும் காலத்தில் இருந்தார். மாலையிற் பணம் வாங்க வரும்போது வாசலில் நின்று சிறிது பேசுவார். ஒருநாள், வேலையை இழக்கும் பயம் உமக்கு வந்ததுண்டா என்று கேட்டோம். "எனக்கு இருநூறு எசமானர்கள். ஒருவர் கோபித்துக்கொண்டாலும் மிச்சம் நூற்றுத்தொண்ணூற்றொன்பது பேர் உண்டு" என்று சிரித்தார். கணக்கெழுதும் எமக்கு அந்தக் கணக்கு உறைத்தது.

அந்நாட்டிலே யன்னல் கழுவுவோர் தம் வாடிக்கை வீடுகளின் வரிசையைச் 'சுற்று' என்பர். தோட்டத்தையோ கடையையோ விற்பதுபோல அதனை விற்பதும் வாங்குவதும் வழக்கம். முதியவர் தம் சுற்றிலே எம் வீட்டுக்கு அண்மையிலுள்ள அறுபத்திரண்டு வீடுகளை மாத்திரம், அவற்றின் மாத வருவாயின் மூன்று மடங்கு விலைக்குத் தர இணங்கினார்.

எம் மனைவியார் தடை சொல்லவில்லை, நிபந்தனை சொன்னார். "இஞ்சாருங்கோ, ஆறு மாதத்துக்கு வீட்டுக்கடன் கட்டக் கையிலை காசு இருக்கவேணும். அது சேர்ந்த பிறகு வேலையை விடுற கடிதத்தைக் குடுங்கோ. அதுவரைக்கும் சனிக்கிழமையிலை போய்ப் பழகுங்கோ." பதினான்கு மாதங்கள் சனிக்கிழமைதோறும் முதியவரின் பின்னால் வாளி சுமந்தோம். மழையிலே நின்றோம், குளிரிலே விரல் விறைத்தது. பதினைந்தாம் மாதம் கடிதத்தைக் கொடுத்தோம். எம் மேலதிகாரி அதை இருமுறை வாசித்துவிட்டு, "வேறு கந்தோரில் இடம் கிடைத்ததா?" என்று வினவினார். "இல்லை, யன்னல் கழுவப் போகின்றோம்" என்றோம். நாம் பகிடி விடுவதாகவே அவர் எண்ணினார்.

கண்ணாடியும் தண்ணீரும்

யன்னல் கழுவுவதில் என்ன வித்தை இருக்கிறது என்று பலர் எண்ணுவர். எமது தொழிலைப் பற்றிச் சிறிது கூற மாணவர்கள் இடந்தருவார்களாக.

இங்கிலாந்திலே வீட்டுக்கு எத்தனை யன்னல் என்று எண்ணி வரி விதித்த காலமொன்று இருந்தது. 1696 இல் தொடங்கிய அவ்வரி 1851 இலேயே நீக்கப்பட்டது. வரிக்கு அஞ்சி யன்னல்களைச் செங்கல்லால் அடைத்தவர் பலர். அவ்வாறு அடைத்த தடங்களைப் பழைய வீடுகள் சிலவற்றில் இன்றும் காணலாம். எம் ஹரோவின் வீடுகளோ இரு மகாயுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், மெற்றோபொலிற்றன் றெயில் பாதையைத் தொடர்ந்து வரிசை வரிசையாய் எழுந்தவை. வெளியே வளைந்து நிற்கும் அகன்ற யன்னல்கள் அவற்றின் அழகு. அவை எமது பிழைப்பும் ஆகும்.

பழைய முறை, சவர்க்கார நீரைப் பூசி, றப்பர் விளிம்பு பொருத்திய 'ஸ்குவீஜி' என்னும் கருவியால் வழித்தெடுப்பது. அக்கருவிக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் எற்றோரே ஸ்ரெக்கோனே என்பவர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போய், கலிபோர்ணியாவின் ஓக்லண்ட் நகரிலே யன்னல் கழுவியவர். தம் கைக்கு வசதியாக இலேசான பித்தளையிலே ஒரு கருவியைச் செய்து அதற்குக் காப்புரிமை பெற்றார். தொழிலைக் கையாற் செய்பவனுக்கே அதன் குறை தெரியும் என்பதற்கு அவர் சான்று. நாடு விட்டு நாடு சென்ற ஒருவரின் பெயர் எம் வாளிக்குள் இருக்கிறது என்பதிலே எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

புதிய முறையிலே ஏணி பெரும்பாலும் இல்லை. உயரத்தில் நின்று செய்யும் வேலை பற்றிப் பிரித்தானியா 2005 இல் விதித்த ஒழுங்குகள், தவிர்க்கக்கூடிய இடத்தில் உயரே ஏறுவதைத் தவிர்க்கவேண்டும் என்கின்றன. ஆகவே நிலத்தில் நின்றபடியே, கரிநாரினாற் செய்த நீண்ட கோலின் நுனியிலுள்ள தூரிகையால் மாடி யன்னலைத் தேய்ப்போம். கோலின் உள்ளே செல்லும் குழாய் வழியாகத் தண்ணீர் பாயும். சவர்க்காரம் இல்லை, துடைப்பதும் இல்லை. ஈரத்தோடே விட்டுவருவோம். காய்ந்தபின் ஒரு துளித் தடமும் இராது.

இதன் இரகசியம் தண்ணீரிலே இருக்கிறது. இலண்டனைச் சூழ்ந்த நிலத்தின் கீழே வெண்சுண்ணப் பாறை கிடக்கிறது. மழைநீர் அதனூடு ஊறும்போது சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அந்த நீர் கண்ணாடியிற் காய்ந்தால் நீர் போய்விடும். சுண்ணம் வெண்புள்ளியாய் நின்றுவிடும். எம் தாயார் 2018 இல் எம்மிடம் வந்திருந்தபோது, கேத்தலின் அடியிலே படிந்திருந்த வெள்ளைப் பொருக்கைக் கண்டு, "இது எங்கடை கிணத்துத் தண்ணி மாதிரியெல்லோ!" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணாம்புக்கல்லின் மேலேயே இருக்கிறது. உரும்பிராய்க் கிணற்றிலும் ஹரோக் குழாயிலும் எம்மைத் தொடர்ந்து வந்தது ஒரே சுண்ணந்தான்.

ஆகையால் குழாய்த் தண்ணீரை முதலில் மிக நுண்ணிய சவ்வொன்றினூடு அமுக்கத்தோடு செலுத்துகிறோம். கரைந்த உப்புக்களிற் பெரும்பகுதி அங்கே தடைப்படும். மிஞ்சியதை, மணிமணியான செயற்கைக் குங்கிலியம் நிரம்பிய உருளை பிடித்துக்கொள்ளும். கரைந்த பொருளை அளக்கும் சிறு கருவியொன்று உண்டு. எம் வீட்டுக் குழாய்த் தண்ணீரிலே அதனை இட்டால், மில்லியனுக்கு 340 பங்கு என்று காட்டும். வடித்த நீரில் இட்டால் பூச்சியம் காட்டும். பூச்சியத்தைக் கண்ட பின்பே வானைக் கிளப்புவோம். வானுக்குள் 350 லீற்றர்த் தாங்கி. அது நிரம்பினால் நீர் மாத்திரம் 350 கிலோ நிறை. ஒரு நாளைப் பதினொரு அல்லது பன்னிரண்டு வீடுகளுக்கு அது போதும்.

வாளியின் பாரம்

நிறைந்த வாளியின் பாரத்தை எம் தோள் ஒரு மாதத்திற் பழகிக்கொண்டது. வெறும் வாளிக்கு இருந்த பாரமோ நெடுநாள் இறங்கவில்லை.

எம் சமூகத்திலே, வாளியும் துணியும் ஏந்தி வருபவனை முன்வாசலால் அழைக்காத வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கழுவுவது ஒருவர் வேலை. கழுவிய இடத்தில் அமர்ந்திருப்பது இன்னொருவர் பிறப்புரிமை என்று ஊர் பிரித்து வைத்திருந்தது. கப்பலேறியும் விமானமேறியும் நாடுகள் பல கடந்தோம். அந்தப் பிரிவினையையும் பெட்டிக்குள் வைத்தே கொண்டுவந்தோம் என்பது, வாளியைக் கையில் எடுத்த பின்பே எமக்கு விளங்கிற்று.

தொலைபேசியிலே எம் தாயார் கேட்டார்: "தம்பி, ஊரிலை ஆரும் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?"

"சொந்தமாய்த் தொழில் செய்யிறான் எண்டு சொல்லுங்கோ, அம்மா."

"என்ன தொழில் எண்டு கேட்பினமே!"

அதற்கு மேல் நாம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகள் அவர் ஊராருக்கு "பிசினஸ்" என்று மாத்திரம் சொல்லி வந்தார். திருமண வீடுகளில் எம்மை அறிமுகஞ் செய்வோரும், "முந்தி அக்கவுண்ட்ஸிலை பெரிய வேலையிலை இருந்தவர்" என்று இறந்தகாலத்திலே பேசினர். உயிரோடு நிற்பவனுக்கு இரங்கற் பா பாடியதுபோல் இருக்கும்.

ஒரு நாள் வெம்பிளிப் பக்கத்திலே புதிய வாடிக்கை வீடொன்றின் மணியை அடித்தோம். கதவைத் திறந்தவர் எம்மோடு ஒரே கல்லூரியில் இரண்டு வகுப்புக் கீழே படித்தவர். "அண்ணை, நீங்களோ?" என்றவர், பின்பு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எம் காலணிகளைப் பார்த்தார். வேலையை முடித்தோம். பணத்தை மகளிடம் கொடுத்தனுப்பினார். அப்பிள்ளை உயர்தர வகுப்பில் இரசாயனம் படிப்பவள். துடைக்காமல் எப்படித் தடமின்றிக் காயும் என்று கேட்டாள். சவ்வையும் குங்கிலியத்தையும் பற்றிக் கூறினோம். வானுக்குள் ஏறி அளவைக் கருவியைத் தானே நீரிலிட்டுப் பூச்சியத்தைக் கண்டு வியந்தாள். மறுநாள் தந்தையிடமிருந்து செய்தி வந்தது: "அண்ணை, இனி வேண்டாம். ஊர் ஆக்கள் கண்டால் உங்களுக்குத்தான் சங்கடம்." இன்றும் அவ்வீட்டு யன்னலை நாம் கழுவுவதில்லை. கோயிலிற் கண்டால் அன்போடு நலம் விசாரிப்பார். எமக்குச் சங்கடம் இருக்கவில்லை என்பதை அவருக்குச் சொல்லும் வழியை நாம் இன்னும் கண்டோமில்லை.

எம் தாயாரோ, இலண்டனில் இருந்த அந்த மூன்று மாதத்தில் ஒருநாள் தாமே விரும்பி வானில் ஏறிவந்தார். பன்னிரண்டு வீடுகளுக்கும் வந்தார். சில வீட்டார் எம் பெயர் சொல்லி அழைத்துத் தேநீர் தந்தனர். ஒரு மூதாட்டி எம் தாயாரின் கையைப் பற்றி, மொழி தெரியாமலே நெடுநேரம் பேசினார். வீடு திரும்பும் வழியில் தாயார் கேட்டது ஒன்றே: "உனக்கு மேலை ஆர் இருக்கினம், தம்பி?" "ஒருத்தருமில்லை, அம்மா" என்றோம். ஊருக்குத் திரும்பியபின், "லண்டனிலை என்ரை மோன் வீடுகளுக்குக் கண்ணாடி கழுவுறான். அவனுக்கு மேலாள் ஒருத்தரும் இல்லை" என்று அவரே சொல்லத் தொடங்கினார் என அறிந்தோம்.

இலாபமும் நட்டமும்

கணக்கன் எழுதும் கட்டுரையிலே இரு பக்கமும் எழுதப்படாவிட்டால் அது கட்டுரையாகாது.

நட்டத்தை முதலிற் சொல்வோம். உத்தியோகத்தில் உள்ளவருக்கு அந்நாட்டுச் சட்டம் ஆண்டுக்கு 28 நாட்கள் சம்பளத்தோடு விடுமுறை தருகிறது. எமக்கு ஒரு நாளும் இல்லை. நோய்க்கால ஊதியம் இல்லை. எமது பென்சனுக்குப் பங்கு செலுத்த முதலாளி இல்லை. 2019 இல் தோள் சுளுக்கி மூன்று வாரம் படுத்தோம். அந்த மூன்று வாரமும் வருவாய் பூச்சியம். உறைபனிக் காலையில் யன்னலிலிருந்து வடியும் நீர் நடைபாதையிலே பனிக்கட்டியாகும். அதில் ஒருவர் வழுக்கி விழுந்தால் பொறுப்பு எம்முடையது. எனவே பொதுமக்கட் பொறுப்புக் காப்புறுதிக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிறோம். முதலாண்டு எம் வருமானம் பழைய சம்பளத்தின் பாதிக்கும் குறைவு. மனைவியார் சேர்த்துவைத்த ஆறு மாதப் பணத்திலே நான்கு மாதப் பணம் கரைந்தது.

அறுபத்திரண்டு வீடுகளை இருநூற்றிருபது ஆக்க நான்கு ஆண்டுகள் பிடித்தன. மாலைவேளைகளிற் கதவு கதவாகத் தட்டினோம். முப்பது கதவுகளுக்கு ஒரு கதவு இசைந்தால் அது நல்ல மாலை. இன்று நான்கு வாரத்துக்கு ஒரு சுற்று. வீட்டின் அளவைப் பொறுத்து 15 முதல் 25 பவுண் வரை. செலவும் வரியும் போக, பழைய சம்பளத்தைக் காட்டிலும் சிறிது கூடுதலாக நிற்கிறது. செல்வரானோம் என்று சொல்வதற்கில்லை.

2020 மார்ச்சு மாதம் தொற்றுநோயால் நாடு முடங்கியபோது, இத்தொழிலின் உறுதி சோதிக்கப்பட்டது. ஏழு வாரங்கள் வானை எடுக்கவில்லை. சுயதொழில் புரிவோருக்கு அரசாங்கம் உதவிப் பணம் வழங்கியது. முதல் உதவி, சராசரி இலாபத்தின் 80 வீதத்தை மூன்று மாதங்களுக்குக் கணக்கிட்டு, 7,500 பவுணுக்கு மேற்படாமல் தரப்பட்டது. எதனைக் கொண்டு கணக்கிட்டனர்? அவரவர் வருமான வரிப் பகுதிக்கு முன்னரே ஒப்புக்கொடுத்த கணக்கைக் கொண்டுதான். கையிற் காசாக வாங்கிக் கணக்கில் மறைத்தோருக்கு, மறைத்த அளவுக்கு உதவியும் குறைந்தது. மனைவியார் ஒரு பவுணையும் விடாமல் எழுதி வைத்த பேரேடு அன்று எமக்குச் சோறு போட்டது.

இனி இலாபம். பத்தாண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் எம்மை நிறுத்தியுள்ளனர். வீடு மாறியவர், பணமுடை வந்தவர், மலிவான ஆளைக் கண்டவர், காரணமே சொல்லாதவர் எனப் பலவகையினர். ஒவ்வொரு முறையும் சிறிது மனம் நொந்தோம். ஒரு முறையேனும் உறக்கம் கெடவில்லை. இருநூற்றில் ஒன்று போனால் வேறொன்று வரும். ஒன்றில் ஒன்று போனால் என்ன மிஞ்சும்? முதியவர் வாசலிற் சொன்ன கணக்கின் முழுப் பொருளும் இதுவே.

மற்றோர் இலாபத்தைப் பேரேட்டில் எழுத இயலாது. காலையில் மங்கியிருந்த கண்ணாடி மாலையிலே தெளிவாயிருக்கிறது. வீட்டாருக்கு எம் வேலை கண்ணிற் படுவதில்லை. தோட்டமும் வானமுமே படுகின்றன. அதுவே வேலை சரியாக முடிந்தது என்பதற்கு அடையாளம். தெருவின் கோடியில் நின்று திரும்பிப் பார்த்தால் அன்றைய உழைப்பு முழுவதும் வெயிலில் மின்னும். பிள்ளைகளை வானில் ஏற்றிச் சென்று, "இது அப்பா செய்த வேலை" என்று காட்டியிருக்கிறோம்.

எண்ணுவோருக்குச் சில வார்த்தைகள்

இதனை வாசித்துவிட்டு நாளையே எவரும் இராஜிநாமாக் கடிதம் எழுதவேண்டாம். எம்மோடு கந்தோரில் இருந்தோருட் பலர் இன்றும் அங்கேயே நலமாக இருக்கின்றனர். காலம் வந்தால் எம்மிலும் நல்ல பென்சன் பெறுவர். அவர்கள் பேதையரும் அல்லர். நாம் வீரரும் அல்லோம்.

சொந்தத் தொழிலை எண்ணுவோர் எந்நாட்டில் இருப்பினும் நான்கு காரியங்களைச் செய்தல் நன்று. முதலாவது, வேலையில் இருக்கும்போதே ஓய்வு நாட்களில் அத்தொழிலைச் செய்து பார்த்தல். மழையிலும் பிடித்திருந்தால் அது பிடித்த தொழில். இரண்டாவது, ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்தல். மூன்றாவது, இல்லத்தாரின் முழுச் சம்மதத்தைப் பெறுதல். பாதிச் சம்மதத்தோடு தொடங்கிய தொழில் வீட்டுக்குள்ளேயே நட்டமடையும். நான்காவது, முதல் நாளிலிருந்தே கணக்கை நேர்மையாக எழுதுதல். பிரித்தானியாவில் இருப்போர், ஏப்பிரல் 5 இல் முடியும் வரியாண்டையும், இணையவழிக் கணக்கை ஒப்புவிக்கவேண்டிய சனவரி 31 ஐயும் சுவரில் எழுதி வைப்பாராக. முழு அரச பென்சனுக்குப் பொதுவாக 35 ஆண்டுகள் காப்புறுதிப் பங்கு செலுத்தியிருக்கவேண்டும் என்பதையும் மறவாதிருப்பாராக. இங்கிலாந்தில் யன்னல் கழுவ அனுமதிப் பத்திரம் வேண்டியதில்லை. ஸ்கொற்லாந்திலோ, உள்ளூராட்சி மன்றம் அவ்வாறு தீர்மானித்துள்ள இடங்களில், 1982 ஆம் ஆண்டுச் சட்டப்படி வேண்டும்.

இலங்கையிலே பட்டதாரிகள் அரசாங்க நியமனம் கேட்டு வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் செய்தி பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. அவர்களைக் குறைகூற எமக்கு மனமில்லை. அவர்களை அவ்வீதிக்கு அனுப்பியதில் எம் பழமொழிக்கும் பங்குண்டு. பிள்ளை கைத்தொழில் ஒன்றில் நாட்டங்கொண்டால் முகஞ் சுழிக்கும் பெற்றோரும், மாப்பிள்ளை என்றதும் "என்ன உத்தியோகம்?" என்று மாத்திரம் கேட்கும் உறவினரும், அக்கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்பாராயின் நன்று: "உன் வேலையால் எவருக்கு என்ன பயன்?" இதற்கு விடை கூறக்கூடியவன் கதிரையில் இருந்தாலும் மதிப்புடையவனே; கோல் பிடித்து நின்றாலும் மதிப்புடையவனே.

எம் மூத்த மகன் இவ்வாண்டு படிப்பை முடித்துக் கந்தோர் ஒன்றில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்துள்ளான். எம் தொழிலை அவன் தொடரவில்லையே என்று நண்பர்கள் கேலி செய்தனர். நாம் மனமார வாழ்த்தியே அனுப்பினோம். மாதச் சம்பளம் நல்லது, மகனே, வாங்கு. ஆனால் வாங்கும் ஒவ்வொரு மாதமும் அதில் ஒரு பங்கை எடுத்து வை. என்றாவது ஒருநாள் அக்கதிரையை விட்டெழ விரும்பினால், எழும் உரிமை உனக்கு இருக்கவேண்டும் என்று மாத்திரம் சொன்னோம்.